கண்ணை மூடிக்கொண்டு மெஷின் ஓட்டுகிறவருக்கு

கேள்வி: வணக்கம் அக்கா. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ரேடியோதெரபி டெக்னாலஜிஸ்ட்டாக இருக்கிறேன். பி.எஸ்சி. முடித்து ஆறு வருடமாக, புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் லினாக் மெஷினில்தான் வேலை. பிரிட்டனில் இந்த வேலை பார்க்கத் தேவையான எச்.சி.பி.சி. பதிவு வந்துவிட்டது. இங்கிலாந்தில் ஒரு என்.எச்.எஸ். (அரசு) மருத்துவமனையில் ஸ்பெஷலிஸ்ட் ரேடியோதெரபி ரேடியோகிராபர், பேண்ட் 6 என்கிற சம்பள நிலை வேலைக்கு ஆன்லைன் இன்டர்வியூ வைத்திருக்கிறார்கள். மெஷினைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன். அதற்கு மேல் அவர்கள் என்ன எதிர்பார்ப்பார்கள் என்றுதான் தெரியவில்லை. எங்களிடம் ஒரு மெஷினில் ஒரு நாளைக்கு அறுபது பேருக்கு மேல் வருகிறார்கள், "படுங்க, அசையாதீங்க, முடிஞ்சது, எந்திரிங்க" என்பதைத் தவிரப் பேச நேரம் கிடையாது. அங்கே நோயாளியிடம் நிறையப் பேச வேண்டும் என்கிறார்களே, உண்மையா? இன்னொன்று, கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. ரேடியேஷன் வேலையே வேண்டாம், குழந்தை தங்காது என்று மாமியார் ஒரே பிடியாக நிற்கிறார். அவரிடம் என்ன சொல்வது? என் பெயர் போட வேண்டாம் அக்கா.

பதில்: தங்கச்சி, எச்.சி.பி.சி. பதிவு வந்துவிட்டது என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் 7 வாங்கு, எந்தப் பிரிவிலும் 6.5-க்குக் கீழே போகக் கூடாது, படித்த பாடத்தையெல்லாம் பிரித்து எழுதிக் கொடு, வேலை பார்த்த இடத்தில் கையெழுத்து வாங்கி வா என்று அலைய விடுவதில் நிறையப் பேர் நடுவிலேயே விட்டுவிடுகிறார்கள். அதைத் தாண்டி வந்தவர் இன்டர்வியூவுக்குப் பயப்பட வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன், "கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன்" என்பதை அங்கே போய்ச் சொல்லிவிடாதீர்கள். கண்ணைத் திறந்து வைத்திருப்பதற்குத்தான் பேண்ட் 6 சம்பளம்.

மெஷினில் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் இருக்காது. அதே வேரியன், அதே எலெக்டா கம்பெனி மெஷின்கள்தான். விமேட் ஆர்க் (மெஷின் நோயாளியைச் சுற்றிக்கொண்டே கதிர் கொடுப்பது) ஓடி முடிய ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், பீம் பட்டனை அழுத்துவதை யாருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம். அதற்கு முந்தைய ஐந்து நிமிடம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இன்டர்வியூவில் கேட்பார்கள், அதுவும் நேரடியாகக் கேட்காமல் ஒரு கதையைச் சொல்லி "நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார்கள்.

கதை பெரும்பாலும் இப்படி இருக்கும். எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், புராஸ்டேட் புற்று, 20 தடவையில் 60 கிரே (கதிர்வீச்சு அளவு), இன்று ஏழாவது தடவை. சிகிச்சையைத் திட்டமிடுவதற்குப் பிளானிங் சிடி எடுத்த அன்று மலக்குடல் காலி, மூத்திரப்பை நிறைவு. இன்று பீம் கொடுப்பதற்கு முன் மெஷினிலேயே சிபிசிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் மலக்குடலில் காற்று கறுப்பாக உப்பி நிற்கிறது, புராஸ்டேட்டை முன்பக்கம் தள்ளிவிட்டிருக்கிறது, மூத்திரப்பையும் பாதிதான். எலும்பை வைத்து இரண்டு படத்தையும் மேட்ச் பண்ணினால் படம் அச்சாகப் பொருந்தும், திரையில் எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரியும், ஆபத்து அங்கேதான். உள்ளே இருக்கும் உறுப்பு, பிளானில் அதைச் சுற்றி விட்டிருக்கிற மார்ஜினுக்கு வெளியே போய்விட்டதா என்று மென்திசுவைப் பார்த்தால்தான் தெரியும். டாக்டர் வேறு கட்டடத்தில் ஓபி பார்த்துக்கொண்டிருக்கிறார். வெளியே வெயிட்டிங்கில் அடுத்த இரண்டு பெரியவர்கள் சொன்ன கணக்குப்படி தண்ணீர் குடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி இருக்கிறார்கள், நீங்கள் கால் மணி நேரம் தாமதித்தால் அவர்களுடைய மூத்திரப்பை வழிந்துவிடும். என்ன செய்வீர்கள்?

இவரை இறக்க வேண்டும், டாய்லெட்டுக்கு அனுப்ப வேண்டும், காற்று போன பிறகு மறுபடி தண்ணீர் கொடுத்து உட்கார வைக்க வேண்டும், வெளியே இருக்கிறவர்களின் வரிசையை மாற்ற வேண்டும், தாமதம் என்று அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும் (பாதியைக் கழித்துவிட்டு வரச் சொல்வது என்பது ஒரு தனிக் கலை, அறுபது வயதுக்கு மேல் யாருக்கும் அது வராது), மறுபடி சிபிசிடி எடுத்தால் அதற்கும் ஒரு டோஸ் இருக்கிறது என்பதை மனதில் வைக்க வேண்டும், எல்லாவற்றையும் பதிவில் எழுத வேண்டும். இதே ஆளுக்கு இது மூன்றாவது தடவை என்றால் அன்றைக்குச் சமாளித்ததோடு விடக் கூடாது. என்ன சாப்பிடுகிறார், மலச்சிக்கலா, ஏற்கனவே கொடுத்த எனிமாவை வீட்டில் ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாரா என்று கேட்டு, தேவைப்பட்டால் மறுபடி சிடி எடுத்துப் பிளானை மாற்றச் சொல்லி ஃபிசிக்ஸ் பிரிவுக்கும் டாக்டருக்கும் நீங்கள்தான் எழுத வேண்டும்.

இதில் உங்களுக்குத் தெரியாதது எது என்று யோசித்துப் பாருங்கள். எதுவும் இல்லை. மதுரையிலும் அந்தக் காற்றை முதலில் பார்க்கிறவர் நீங்கள்தான். பார்த்துவிட்டு ஃபிசிசிஸ்ட் சாரைக் கூப்பிடுவீர்கள், சார் டாக்டர் மேடத்துக்கு போன் போடுவார், மேடம் "இறக்கிடுங்க" என்பார்கள், நீங்கள் இறக்குவீர்கள். முடிவு உங்கள் கண்ணில்தான் பிறந்தது, ஆனால் வாய் வேறு ஒருவருடையது. இங்கே இங்கிலாந்தில் அந்த வாய் உங்களுடையதாக இருக்க வேண்டும், கீழே கையெழுத்தும் உங்களுடையது. பேண்ட் 5-க்கும் 6-க்கும் நடுவில் இருக்கிற சுவரை நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2017-இல் திருத்தி எழுதிய ஐஆர்மெர் விதிகள் என்று இருக்கிறது, மருத்துவத்துக்காகக் கதிர்வீச்சு கொடுப்பதை ஒழுங்குபடுத்துவது, இன்டர்வியூவுக்கு முன் கட்டாயம் படித்துவிடுங்கள். அனுப்புகிறவர் ஒருவர், நியாயமா என்று பார்த்து அனுமதிக்கிறவர் ஒருவர், நடைமுறையில் செய்கிறவர் ஒருவர் என்று பொறுப்பைப் பிரித்து வைத்திருக்கிறது. செய்கிறவர், அதாவது ஆபரேட்டர், நீங்கள். ஆளைச் சரிபார்த்தது, படுக்க வைத்தது, படத்தை மேட்ச் பண்ணியது, பீம் கொடுத்தது, எது நீங்கள் செய்ததோ அதற்கு நீங்களே பதில் சொல்ல வேண்டும். "மேலே சொன்னதைத்தான் செய்தேன்" என்பது இங்கே பதிலாகாது. கேட்கப் பயமாக இருக்கலாம், ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. படம் சரியில்லை, கொடுக்க மாட்டேன் என்று நீங்கள் சொன்னால் கன்சல்டன்ட் டாக்டரே ஆனாலும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அவர் வந்து பார்ப்பார், பேசுவீர்கள், அவர் சொல்வது சரியென்று பட்டால் ஒத்துக்கொள்வீர்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற கன்சல்டன்ட்டுகள் இங்கேயும் உண்டு, அதையெல்லாம் மனதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அதனால் இன்டர்வியூவில் பதில் சொல்லும்போது "நான்" என்று சொல்லுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும், மிக நன்றாக வேலை தெரிந்தவர்கள்கூட, "நாங்க சார்கிட்ட கேப்போம்", "எங்க டீம்ல அப்படிப் பண்ணுவோம்" என்றே பேசுகிறார்கள். அடக்கம்தான், தப்பில்லை. கேட்கிறவர் காதில் அது 'இவருக்குத் தனியாக முடிவெடுக்கத் தெரியாது' என்றுதான் விழுகிறது. "நான் பார்த்தேன், நான் நிறுத்தினேன், இந்தக் காரணத்துக்காக நிறுத்தினேன், இன்னாரைக் கூப்பிட்டேன்." இந்த நாலையும் கோத்துச் சொல்லிப் பழகுங்கள், கண்ணாடி முன்னாலோ வீட்டுக்காரர் முன்னாலோ.

இரண்டாவது கதையும் ஒன்று எதிர்பார்க்கலாம். தலை, கழுத்து நோயாளி, 30 தடவையில் 65 கிரே, நான்காவது வாரம். வாய் முழுக்கப் புண், சாப்பிட முடியவில்லை, எடை சரசரவென்று இறங்கியிருக்கிறது. முதல் வாரம் கன்னத்தில் வலைத் தடம் பதிகிற அளவுக்கு இறுக்கமாக இருந்த, தலையை அசையாமல் பிடிக்கிற மாஸ்க் இப்போது விரல் நுழைகிற அளவுக்குத் தொளதொளவென்று கிடக்கிறது. மேட்ச் பண்ணினால் கழுத்தெலும்பு பொருந்துகிறது, தாடை பொருந்தவில்லை, தாடையைப் பொருத்தினால் கழுத்து விலகுகிறது. தண்டுவடத்துக்கு எவ்வளவு போகும் என்ற கவலை வர வேண்டும். தோல் எல்லை பிளானில் இருந்ததைவிட எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று பார்த்து ஃபிசிக்ஸைக் கூப்பிட வேண்டும். இதுவரை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். டயட்டீஷியனிடம் எப்போது காட்டினார்கள், டியூப் வழி உணவு பற்றிப் பேசியாயிற்றா, வலி மருந்து சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்னால் எடுத்துக்கொள்கிறார் என்று கேட்கிறவர்தான் அவர்கள் தேடும் ஆள். படத்தில் தெரிந்த பிரச்சினைக்குக் காரணம் சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது இல்லையா.

மூன்றாவது, வெள்ளிக்கிழமை நாலரை மணிக் கதை. புற்று முதுகெலும்பில் பரவித் தண்டுவடத்தை நெருக்குகிறது, காலையிலிருந்து கால் வலுவிழந்துகொண்டே வருகிறது, வார்டிலிருந்து ஸ்ட்ரெச்சரில் அனுப்புகிறார்கள். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இங்கே உள்ள வழிகாட்டுதல், ஒரே தடவையில் 8 கிரே அல்லது 5 தடவையில் 20 கிரே கொடுப்பார்கள். இதைச் சொல்லிவிட்டு "அவரைக் கூட்டிவரச் சொல்வதற்கு முன் வார்டிடம் என்ன கேட்பீர்கள்?" என்பார்கள். மார்ஃபின் கொடுத்தாயிற்றா, எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்பேன் என்று சொல்லுங்கள். நம் படுக்கை பலகை மாதிரி இருக்கும், உடைந்து நொறுங்குகிற முதுகெலும்போடு அதில் ஒருவரை மாற்றிப் படுக்க வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி தானாக வாயில் வரும்.

ஆளைச் சரிபார்ப்பதைப் பற்றியும் கேட்பார்கள், சின்ன விஷயம் என்று அலட்சியமாக விடாதீர்கள். "நீங்கதானே ஜான்?" என்று கேட்கவே கூடாது. காது மந்தமான, பதற்றத்தில் இருக்கிற ஒரு தாத்தா எந்தப் பெயரைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு எழுந்து வருவார். பெயர், பிறந்த தேதி, முகவரி மூன்றையும் அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும், தினமும், முப்பதாவது நாளும், அவர் "இன்னுமா என்னைத் தெரியல?" என்று சிரித்தாலும். கருத்தரிக்கும் வாய்ப்புள்ளவர்களிடம் கர்ப்பமா என்று கேட்பதும் ஐஆர்மெர்படி உங்கள் வேலை.

சரி, பேச்சுக்கு வருவோம். ஆமாம், நிறையப் பேச வேண்டும். ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி சரளமான இங்கிலீஷில் அரட்டை அடிப்பதில்லை அது. மாஸ்க்கைக் கிளிப் போட்டு மாட்டுகிறோம், வாயைத் திறக்க முடியாது, கண் இமைக்க முடிகிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் "இப்போது நாங்கள் வெளியே போகிறோம், கதவு மணி அடிக்கும், மெஷின் உங்களைச் சுற்றி வரும், மேலே படாது, கையைத் தூக்கினால் உடனே நிறுத்திவிட்டு உள்ளே வருவோம், கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்போம்" என்று நிதானமாகச் சொல்கிறவர் கையில்தான் அந்த நோயாளி அசையாமல் படுப்பார். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிடம்கூட ஆகாது. மதுரையில் அறுபது பேருக்கும் உங்களால் சொல்ல முடியாமல் போகலாம், ஆனால் முதல் நாள் வருகிறவருக்கு மட்டுமாவது நாளைக்கே சொல்லிப் பாருங்கள், இரண்டாவது நாள் படுக்க வைக்கிற நேரம் குறைந்திருக்கும். ஒரு ஸ்லாட்டுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் இங்கே கிடைக்கிறது, பேச்சையும் வேலைக்குள் கணக்கு வைத்துக் கொடுத்த நேரம் அது.

கேட்கிற காதுதான் புதிதாகப் பழக வேண்டும். வெள்ளைக்கார வயசாளிகள் நம் ஊர்ப் பாட்டிகள் மாதிரி வந்ததும் வலியைக் கொட்ட மாட்டார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்றால் "நாட் டூ பேட்" என்பார்கள். ராத்திரி முழுக்க டாய்லெட்டுக்கு நடந்தவரும் அதைத்தான் சொல்வார், ஒன்றுமில்லாதவரும் அதைத்தான் சொல்வார். அதனால் பொதுவாகக் கேட்காமல், நேற்று ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள், எரிச்சல் இருக்கிறதா, ரத்தம் கலந்து வந்ததா என்று குறிப்பாகக் கேட்க வேண்டும்.

இங்கே ஒன்று உங்களைத் தூக்கிப்போடும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு எடுத்த பெண்ணுக்கு யோனி சுருங்கி ஒட்டிக்கொள்ளலாம் என்பது நமக்குப் பாடத்தில் இருக்கிறது. நம் ஊர் மெஷின் அறையில் அதை யார் யாரிடம் சொல்கிறோம்? டாக்டர் சொல்லியிருப்பார் என்று நாம் நினைக்கிறோம், நர்ஸ் சொல்லியிருப்பார் என்று டாக்டர் நினைக்கிறார், அந்த அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறார். ஆறு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தால் பரிசோதிக்கவே முடியாது, தாம்பத்தியத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இங்கே பல துறைகளில் அந்தப் பேச்சு ஸ்பெஷலிஸ்ட் ரேடியோகிராபரின் பொறுப்பு. கதவைச் சாத்தி, யோனி ஒட்டிக்கொள்ளாமல் விரித்து வைக்கிற டைலேட்டரைக் கையில் எடுத்துக் காட்டி, சிகிச்சை முடிந்து சில வாரங்களில் எப்படித் தொடங்குவது, எவ்வளவு நேரம், லேசாக ரத்தம் வந்தால் என்ன, அதிகம் வந்தால் யாருக்கு போன் செய்வது என்று விளக்க வேண்டும். புராஸ்டேட் நோயாளியிடம் விறைப்புத்தன்மை பற்றியும் அப்படித்தான், அவர் உங்கள் அப்பா வயதுக்காரராக இருப்பார், உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் நெளிந்தால் அவரும் நெளிவார், இரண்டு பேரும் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டுக் கலைந்துவிடுவீர்கள். கூச்சம் போக வேறு வழி கிடையாது, முதலில் சீனியர் ஒருவர் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும், அப்புறம் நாம் பேச வேண்டும். மதுரையில் வளர்ந்ததால் முடியாது என்று எதுவும் இல்லை, இங்கே பிறந்து வளர்ந்தவர்களும் முதல் தடவை காது சிவக்கத்தான் பேசுகிறார்கள்.

பேசுகிற காலமும் குறைந்துகொண்டே வருகிறது. மார்பகத்துக்கு நீங்கள் 25 தடவையோ 15 தடவையோ பழகியிருப்பீர்கள். இங்கே நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2020-இல் லான்செட்டில் வந்தது, 15 தடவையில் 40 கிரே கொடுத்த பலனுக்கு 5 தடவையில் 26 கிரே குறையவில்லை என்று. கொரோனா நேரம் வேறு, நாடு முழுக்க மளமளவென்று ஒரே வாரத்துக்கு மாறிவிட்டார்கள். புராஸ்டேட்டும் தகுந்தவர்களுக்கு ஐந்து தடவை என்று போய்க்கொண்டிருக்கிறது. நோயாளிக்கு நல்லதுதான், அலைச்சல் மிச்சம். நமக்கு என்ன ஆயிற்று என்றால், திங்களன்று பார்த்த முகம் வெள்ளியோடு போய்விடுகிறது, தோல் சிவப்பதும் உரிவதும் அவர் வீட்டுக்குப் போன பிறகு நடக்கிறது, நம் கண்ணில் படுவதே இல்லை. அப்போது ஐந்து நாளுக்குள் எல்லாவற்றையும் சொல்லி அனுப்புவதும், அப்புறம் போனில் கூப்பிட்டுக் கேட்பதும் வேலையின் பெரிய பகுதி ஆகிவிடுகிறது. "சிகிச்சைக் காலம் குறைந்ததால் ரேடியோகிராபரின் வேலையில் என்ன மாறியிருக்கிறது?" என்று உங்களைக் கேட்டால் இதைச் சொல்லுங்கள், பல பேர் "நோயாளிகளின் எண்ணிக்கை கூடும்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

(இன்னொன்றும் இங்கே பார்ப்பீர்கள். கடைசி நாள் சுவரில் இருக்கிற மணியை அடித்துவிட்டுப் போவார்கள், எல்லோரும் கைதட்டுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. அதே வெயிட்டிங்கில் வலி குறைப்பதற்கு மட்டும் வந்திருக்கிற ஒருவர் உட்கார்ந்திருப்பார், அவருக்கு அந்த மணி என்ன சொல்கிறது? ஆனால் அடிக்கிறவர் முகத்தைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லவும் மனம் வருவதில்லை. இன்டர்வியூவில் யாரும் கேட்க மாட்டார்கள், சும்மா சொன்னேன்.)

மாமியார் விஷயம். அவர் பயப்படுவதில் அர்த்தமில்லை என்று நினைக்காதீர்கள், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு 'கதிர்வீச்சு' என்றாலே ஒன்றுதான். லினாக் என்பது கரண்ட்டில் ஓடுவது, பீம் நின்றால் எக்ஸ்ரேயும் நின்றது, உள்ளே எந்தக் கதிரியக்கப் பொருளும் வைத்திருக்கவில்லை. (பீமின் சக்தி பத்து எம்.வி.க்கு மேல் போனால் மெஷின் பாகங்களில் கொஞ்சம் கதிரியக்கம் ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும், அதை அவரிடம் ஆரம்பிக்காதீர்கள்.) கோபால்ட் மெஷினில்தான் கதிரியக்க சோர்ஸ் எப்போதும் உள்ளே இருக்கும், அதைக் கேள்விப்பட்டுத்தான் பழைய ஆட்கள் பயப்படுகிறார்கள். பீம் ஓடும்போது நீங்கள் ஒன்றிரண்டு மீட்டர் கான்கிரீட்டுக்கு வெளியே இருக்கிறீர்கள், கதவைத் திறந்தால் மெஷின் நின்றுவிடும்.

வாதம் பண்ணாதீர்கள், உங்கள் மேல் பட்ட கதிர்வீச்சை அளக்கிற டி.எல்.டி. பேட்ஜின் ரிப்போர்ட்டுகளை ஆர்.எஸ்.ஓ.விடம் (கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி) கேட்டு வாங்கி, ஆறு வருடக் கணக்கையும் வீட்டில் எடுத்து வையுங்கள். லினாக்கில் மட்டும் வேலை பார்த்தவருக்குப் பெரும்பாலும் பூஜ்யமோ அதற்குப் பக்கத்திலோதான் இருக்கும். பிரிட்டனில் தொழிலாளிக்கு வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சின் அளவு) என்பது உச்ச வரம்பு, நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏ.ஈ.ஆர்.பி.யும் ஐந்தாண்டுச் சராசரியாக அதே 20-தான் வைத்திருக்கிறது. பிரிட்டனில் எந்த வேலையும் செய்யாமல் சும்மா வீட்டில் இருக்கிறவருக்கே மண், காற்று, மருத்துவப் பரிசோதனை என்று எல்லாம் சேர்த்துச் சராசரியாக வருடத்துக்கு 2.7 மில்லிசீவர்ட் சேர்கிறது. சூற்பை நிரந்தரமாகக் கெட வேண்டுமானால் ஒரே தடவையில் 2.5 கிரேக்கு மேல் அதன் மீது விழ வேண்டும், நோயாளிக்குக் கொடுக்கிற கணக்கு அது, உங்களுக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது.

கர்ப்பம் உறுதியானதும் மேனேஜரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள், வாயால் சொன்னால் போதாது. அதிலிருந்து பிரசவம் வரை கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகாதபடி வேலையை அமைத்துக்கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. கதிரியக்கப் பொருளை உடம்புக்குள் வைத்துச் சிகிச்சை தருகிற பிராக்கிதெரபி பக்கம் போட்டிருந்தால் மாற்றிவிடுவார்கள், லினாக்கில் பலர் கடைசி வரை வேலை பார்க்கிறார்கள். நிஜமாகக் கவனிக்க வேண்டியது உங்கள் முதுகை. நூறு கிலோ ஆளை ஸ்ட்ரெச்சரிலிருந்து படுக்கைக்கு மாற்றுவதும் நாள் முழுக்க நிற்பதும்தான் ஏழாவது மாதத்தில் கொல்லும். மாமியார் அதைப் பற்றிக் கவலைப்பட்டால் நானும் அவர் பக்கம்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2025-26-இல் இங்கிலாந்தில் பேண்ட் 6 தொடக்கம் வருடத்துக்கு 38,682 பவுண்ட், உச்சம் 46,580, லண்டன் என்றால் மேலே கொஞ்சம். இதை ரூபாயால் பெருக்கிப் பார்த்து மயங்காதீர்கள், வாடகையையும் வரியையும் அதே கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். தேசிய அளவில் நிர்ணயித்த படிகள் என்பதால் பேரம் பேச முடியாது, ஆனால் ஆறு வருட அனுபவத்தைக் கணக்கில் எடுத்து மேல் படியில் வையுங்கள் என்று கேட்கலாம். அதைச் சேருவதற்கு முன்னால் கேட்க வேண்டும், சேர்ந்த பிறகு கேட்டால் சிரிப்பார்கள். நடுவில் ஏஜென்ட் யாராவது வேலை வாங்கித் தருவதற்கு லட்சக்கணக்கில் கேட்டால் கதவைச் சாத்திவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதற்கு பிரிட்டன் அரசு வைத்திருக்கிற நெறிமுறைப்படி ஏஜென்சி வேலை தேடுகிறவரிடம் கட்டணம் வாங்கவே கூடாது.

பேண்ட் 6-க்குத் தகுதி போதவில்லை, 5 தருகிறோம் என்று சொன்னால்? எடுத்துக்கொள்ளலாம், விசாவுக்கு அந்தச் சம்பளம் போதுமா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொண்டு. 6 கொடுத்தாலும் முதல் சில மாதம் ஒவ்வொரு வேலைக்கும் உங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுத்தான் தனியாக விடுவார்கள், இத்தனை வருடம் செய்தவளை இப்படிச் சோதிக்கிறார்களே என்று வருத்தப்படாதீர்கள், அமெரிக்காவிலிருந்து வந்தாலும் அதேதான். அப்புறம் வழி நிறைய இருக்கிறது. ஒரு உறுப்பில் மட்டும் தேர்ந்தவராக ஆகலாம், சிகிச்சைக்கு நடுவில் நோயாளிகளைப் பார்க்கும் ரிவியூ கிளினிக் நடத்தலாம், கூடுதல் படிப்பு முடித்தால் மருந்தும் நீங்களே எழுதலாம், 2016-லிருந்து இந்தச் சட்ட உரிமை நம் தொழிலுக்கு இருக்கிறது. நோயாளியின் வாய்ப்புண்ணுக்கு நாம் மருந்து எழுதுவதை மதுரையில் நினைத்துப் பார்க்க முடியுமா?

கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். இல்லை என்று சொல்லாதீர்கள். உங்கள் துறையில் பேண்ட் 6 எந்தெந்தப் படங்களைத் தானே பார்த்து முடிவெடுக்கலாம், எதற்கு டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று கேளுங்கள். ரிவியூ கிளினிக்கில் பயிற்சி எப்போது தொடங்கும் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அங்கே ஸ்பெஷலிஸ்ட் என்பது வெறும் பெயர்ப் பலகை, வேறு இடத்துக்கும் விண்ணப்பித்து வையுங்கள். அப்புறம் அவர்கள் அனுப்பிய மெயிலில் இருப்பது இங்கிலாந்து நேரம். கோடையில் நமக்கு நாலரை மணி பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை, மார்ச்சிலும் அக்டோபரிலும் மாற்றுவார்கள். அந்தத் தேதிக்கு எது என்று பார்த்துவிட்டு, லாப்டாப்பை அரை மணி நேரம் முன்னாலேயே திறந்து வையுங்கள்.